வெயில் செல்லும் வழி

உலகில் விலை கொடாமல் பெறுவன மிகச் சில. அவற்றுள் தலையாயது வெயில். சமவெளியில் வாழ்வோர் அதனைக் கண்டதும் குடை விரிப்பர். மலைநாட்டில் வாழும் நாமோ அதன் வரவைக் கம்பளிக்குள் இருந்தவாறு எதிர்பார்ப்போம். ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்று ஹட்டன் மலைகளை மூடும்போது, ஒரு கிழமையாகியும் உலராத துணிகளைப் பார்த்துப் பெருமூச்சு விடாத இல்லத்தரசி இங்கு இல்லை. ஆகவே வெயிலின் அருமை நம்மவர்க்குத் தெரியாததன்று. ஆயினும் நாம் நடப்பதும் பேசுவதும், தொட்டிலில் குழந்தை கை காலை உதைத்து அழுவதும் கூட வெயிலால்தான் என்பதை எத்தனை பேர் எண்ணிப் பார்க்கிறோம்?

தேயிலைச் செடியின் ஒவ்வோர் இலையும் ஒரு சமையற்கூடம். காற்றிலுள்ள கரியமிலவாயுவையும் வேர் உறிஞ்சித் தரும் நீரையும் சேர்த்து, வெயிலை அடுப்பாகக் கொண்டு, அது உணவைச் சமைக்கிறது. ஒளித்தொகுப்பு என்று பாடநூல்கள் கூறுவது இதனையே. இலையின் மீது விழும் வெயில் முழுவதும் உணவாகிவிடுவதில்லை. நூறு பங்கு ஒளி விழுந்தால் ஏறத்தாழ ஒரு பங்கே உணவுக்குள் சேமிக்கப்படுகிறது. எஞ்சியது தெறித்தும், ஊடுருவியும், வெப்பமாகியும் போய்விடுகிறது. அந்த ஒரு பங்கை நம்பியே புழு முதல் மனிதன் வரை மலையிலுள்ள உயிர்கள் யாவும் வாழ்கின்றன.

இலையைப் புழு தின்கிறது. புழுவைக் குருவி தின்கிறது. குருவியை வல்லூறு கவர்ந்து செல்கிறது. இவ்வாறு சக்தி கை மாறுகிறது. கை மாறும் ஒவ்வொரு முறையும் அதன் பெரும்பகுதி கழிந்துவிடுகிறது. தோட்டத்துச் சம்பள நாளை அறிந்தவர்க்கு இதனை விளக்குவது எளிது. உழைத்த தொகை ஒன்று. முற்பணமும் கடனும் பிறவும் கழிந்து கைக்கு வரும் தொகை வேறு. இயற்கையின் சம்பளச் சீட்டிலோ கழிவு இன்னும் கடுமையானது. பத்து ரூபாயில் ஒன்பது ரூபாய் கழிந்து, ஒரு ரூபாயே அடுத்த கைக்குச் செல்லும். புழு தின்ற இலையில் ஒரு பகுதி செரியாமல் எச்சமாகிறது. செரித்ததிலும் பெரும்பகுதி ஊர்வதற்கும் மூச்சு விடுவதற்கும் செலவாகி, வெப்பமாய்க் காற்றில் கலக்கிறது. உடலாகத் தேங்கி நிற்கும் சிறு பங்கே குருவிக்குக் கிடைப்பது. பத்தில் ஒன்று என்பது எங்கும் மாறாத கணக்கன்று. இடத்துக்கிடம் கூடும், குறையும். ஆயினும் பெருங்கணக்கு அதுவே.

இந்தக் கணக்கை ஓர் ஏரியில் இறங்கி அளந்து பார்த்தவர் அமெரிக்கரான ரேமண்ட் லின்டமன் என்னும் இளைஞர். மின்னசோட்டா மாநிலத்துச் சிறு ஏரி ஒன்றில் பாசி முதல் மீன் வரை ஒவ்வொரு படியிலும் எவ்வளவு சக்தி தங்குகிறது என்று அவர் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார். அக்கட்டுரை முதலில் ஏற்றுக்கொள்ளப்படவில்லை. பின்னர் 1942இல் அது அச்சேறியபோது அதனைக் காண அவர் உயிரோடு இல்லை. 27 வயது நிரம்புமுன்னரே நோய் அவரைக் கொண்டு சென்றது. இன்று நம் மாணவர்கள் பரீட்சைக்கு எழுதும் சக்திக் கூம்பகம் அந்த இளைஞர் இட்ட அடித்தளத்தின் மீது எழுந்ததே.

இங்கே ஒரு வேறுபாட்டை மனத்திற் கொள்ள வேண்டும். மண்ணிலுள்ள சத்துகள் சுழல்வன. உதிர்ந்த இலை மக்கி உரமாகி, மீண்டும் இலையாகும். நீரும் அவ்வாறே ஆற்றோடு போய் மழையாய்த் திரும்பும். சக்தி அவ்வாறு திரும்புவதில்லை. அது ஒருவழிப் பாதையில் செல்வது. இன்று செலவான வெயிலை நாளை யாராலும் மீட்க முடியாது. நாளைய வெயிலைத்தான் நாளை எதிர்பார்க்க வேண்டும். ஆதலின் சங்கிலியின் கடைசியில் நிற்கும் உயிருக்கு எஞ்சுவது மிகச் சிறிது. தீங்கு வரும்போது முதலில் வீழ்வதும் பெரும்பாலும் அதுவே. நம் மலைகளின் வரலாறு இவ்வுண்மைக்குச் சான்று பகர்கிறது.

இம்மலைகளில் முன்னர் இருந்தது காடு. ஹோர்ட்டன் சமவெளியின் ஓரங்களில் இன்றும் அதன் எச்சத்தைக் காணலாம். பாசி படர்ந்த குட்டை மரங்கள், மரத்தின் மேல் பன்னம், அதன் மேல் சிறு செடிகள், அவற்றிடையே நூறு வகைப் பூச்சிகள் என வெயில் அங்கே எண்ணற்ற வாயில்கள் வழியே நுழைந்து எண்ணற்ற வாய்களுக்குச் சென்றது. வெள்ளைக்காரத் துரைமார் அக்காட்டை அழித்து மலை முழுவதும் கோப்பியை நட்டனர். எண்ணற்ற வாயில்கள் இருந்த இடத்தில் வாயில் ஒன்றாயிற்று. 1869இல் கோப்பி இலைகளில் துரு நிறத்தில் ஒரு பங்கசு தோன்றியது. அதற்கு மலைக்கு மலை ஒரே விருந்து. தடுப்பார் எவரும் இலர். இருபது ஆண்டுகள் செல்லுமுன் இலங்கையின் கோப்பிப் பெருந்தொழில் சாய்ந்தது. 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் நட்டிருந்த தேயிலை அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டது. பயிர் மாறியது, ஒரே பயிர் என்ற நிலை மாறவில்லை.

தேயிலைக்கும் விருந்தாளிகள் வந்தனர். அவர்களுள் ஒன்று இலைகளை ஒட்டி மடித்து, அம்மடிப்புக்குள் இருந்து தின்னும் இலைசுருட்டிப் புழு. அதனை அடக்க 1930களின் நடுப்பகுதியில் யாவாத் தீவிலிருந்து ஒரு சிறு குளவியைக் கொணர்ந்து விட்டனர். குளவி என்றதும் தோட்ட மக்கள் நடுங்குவர். மலையில் குளவி கொட்டி உயிர் போனவர் உண்டு. இதுவோ அந்த இனமன்று; மனிதரை நாடாத மெல்லிய பூச்சி. புழுவின் உடலுக்குள் முட்டையிடும். பொரித்த குடம்பிகள் அப்புழுவையே உணவாகக் கொண்டு வளரும். இலை உண்ட வெயிலைப் புழு உண்டது. புழு உண்டதைக் குளவி உண்டது. சில ஆண்டுகளில் புழுவின் தொல்லை தணிந்தது. உயிரைக் கொண்டு உயிரை அடக்கியதற்கு உலகெங்கும் எடுத்துக் காட்டப்படும் வெற்றிகளுள் இதுவும் ஒன்று.

இரண்டாவது விருந்தாளி தண்டு துளைக்கும் வண்டு. எள்ளளவே உள்ள கரிய வண்டு அது. நடுத்தர உயரமுள்ள மலைகளில் அதன் கொடுமை மிகுதி. அது தேயிலைக் கிளையைத் துளைத்துச் சுரங்கம் அமைக்கும், மரத்தைத் தின்னாது. தான் கொண்டு வந்த பங்கசை அச்சுரங்கச் சுவரில் பயிரிடும். பங்கசு மரத்திலிருந்து சத்தைப் பெற்று வளரும். வண்டின் குஞ்சுகள் பங்கசைத் தின்று வளரும். மனிதன் தேயிலை பயிரிடும் மலையில், அத்தேயிலைக்குள்ளே ஒரு வண்டும் விவசாயம் செய்கிறது! துளைபட்ட கிளைகள் கொழுந்து பறிப்பவரின் கை பட்டும் காற்று வீசியும் முறிந்து விழும்.

இவ்வண்டை ஒழிக்க 1950, 60களில் டீல்ட்ரின் முதலிய நஞ்சுகளைத் தெளித்தனர். விளைவு வேறாயிற்று. நஞ்சு தெளித்த தோட்டங்களில் அடங்கிக் கிடந்த இலைசுருட்டிப் புழு பெருகி எழுந்தது. காரணத்தைத் தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையத்து அறிஞர்கள் ஆராய்ந்து கண்டனர். புழு இலை மடிப்புக்குள் மறைந்திருப்பது. குளவியோ அப்புழுவைத் தேடி நஞ்சு படிந்த இலைகளின் மேல் அலைவது. அதனால் மாண்டது குளவி. புழுவுக்கு உணவு மலை முழுவதும் பரந்து கிடக்கிறது, விரைவில் பெருகிவிடும். குளவிக்கு உணவு புழு மட்டுமே. புழுவினும் ஒரு படி மேலே, பத்தில் ஒன்றை நம்பி வாழ்வது அது. அப்படி வாழும் இனம் ஒருமுறை வீழ்ந்தால் மீண்டெழ நெடுநாள் செல்லும். ஒரு பூச்சியின் மீது எறிந்த கல், வேறொரு சங்கிலியின் கடைசிக் கண்ணியில் போய் விழுந்தது.

இதே பாடத்தைப் பெரிய எழுத்தில் எழுதிக் காட்டும் உயிர் சிறுத்தை. இலங்கைக் காட்டில் சிங்கமும் இல்லை, புலியும் இல்லை, சிறுத்தையே அரசு. ஹட்டன், மஸ்கெலியாப் பகுதிகளில் தேயிலை மலைகளுக்கும் சிறு காடுகளுக்கும் இடையே அது இன்றும் உலவுகிறது. ஓரிடத்தில் சிறுத்தை நூற்றுக்கணக்கில் இருக்க இயலுமா? ஒரு சிறுத்தை வாழக் கேளையாடும் முயலும் முள்ளம்பன்றியும் பல வேண்டும்; அவை வாழப் புல்லும் தழையும் மலை மலையாக வேண்டும். பெரிய மலைப்பரப்பு முழுவதும் விழுந்த வெயில் படிப்படியாய்க் கழிந்து கழிந்து, கடைசியில் சில சிறுத்தைகளாய் நடமாடுகிறது.

2020ஆம் ஆண்டு மே மாதம் 26ஆம் நாள், சிவனொளிபாதமலை அடிவாரத்து நல்லதண்ணிப் பகுதியில் ஒரு கருஞ்சிறுத்தை சுருக்குக் கம்பியில் சிக்கிக் கிடக்கக் கண்டனர். வனவிலங்கு அதிகாரிகள் அதனை மீட்டுச் சிகிச்சைக்குக் கொண்டு சென்றனர். மே 29ஆம் நாள் அது இறந்தது. நம் மலைநாட்டில் இத்தகைய சுருக்குகள் பெரும்பாலும் காட்டுப்பன்றிக்காக வைக்கப்படுபவை. லயத்தின் பின்புறத்தில் போட்ட கிழங்கையும் மரக்கறியையும் ஒரே இரவில் கிளறி அழிப்பது பன்றி. அத்தோட்டத்தை நம்பியிருக்கும் குடும்பத்தின் துயரத்தை நான் குறைத்துக் கூறேன். ஆயினும் பன்றி ஒன்று போனால் அடுத்த ஆண்டு அவ்விடத்தைப் பல பன்றிகள் நிரப்பும். சிறுத்தை ஒன்று போனால் அவ்விடம் எளிதில் நிரம்பாது. பன்றிக் குட்டிகளை இரையாக்கிக் காவல் புரியும் காவலனையும் அக்கம்பி சேர்த்தே கொல்கிறது.

கண்ணுக்குத் தெரியும் இவ்வேட்டைகளைக் காட்டிலும் பெரியதொரு விருந்து நம் காலடியில் நடைபெறுகிறது. இலைகள் சேமித்த சக்தியில் புழுவும் விலங்கும் உண்பது சிறு பங்கே. பெரும்பகுதி இலையாய் உதிர்ந்து, கிளையாய் விழுந்து, மண்ணுக்குச் செல்கிறது. அங்கே மண்புழுவும் பங்கசும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களும் அதனை உண்டு மண்ணை மண்ணாக வைத்திருக்கின்றன. தேயிலையை மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டுவது வழக்கம். வெட்டிய கிளைகளையே நாம் மிலாறு என்கிறோம். மிலாறு மலையில் கிடந்து மக்கினால் மண்ணின் உயிர்களுக்கு உணவு; சரிவில் மண் கரையாமலிருக்க ஒரு போர்வை.

ஆனால் மிலாறு லயத்து அடுப்புக்கும் உரியது. என் தாயார் கொழுந்து பறித்தவர். கவ்வாத்து நடக்கும் மாதங்களில் மாலையில் வேலை முடிந்து வரும்போது அவர் தலையில் ஒரு கட்டு மிலாறு இருக்கும். அந்த நெருப்பில் சுட்ட ரொட்டியைத் தின்றுதான் நானும் என் உடன்பிறந்தாரும் பள்ளிக்குச் சென்றோம். மண்ணுக்குச் சேர வேண்டியதை அடுப்புக்கு எடுத்தார் என்று அவரைக் குறை கூற எனக்கு நா எழாது. வேறு விறகு வாங்க வகையில்லாத வீட்டில், மண்ணின் பசியும் பிள்ளையின் பசியும் ஒரே கட்டு மிலாறுக்குப் போட்டியிடுகின்றன. விஞ்ஞான நூல்கள் இதனைக் கூறுவதில்லை. மலையில் வாழ்ந்தவர் அறிவர்.

சில ஆண்டுகளுக்கு முன் வகுப்பில் உணவுச் சங்கிலியைக் கற்பித்துக்கொண்டிருந்தேன். புல், வெட்டுக்கிளி, தவளை, பாம்பு, பருந்து என்று கரும்பலகையில் எழுதி முடித்தேன். பின்வரிசையில் இருந்த ஒரு மாணவி எழுந்து, “சேர், தேயிலை மலையில் எங்கள் அம்மா எந்த இடத்தில் வருவார்?” என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அன்றைய பாடவேளை முழுவதும் அந்த ஒரு கேள்விக்கே செலவாயிற்று.

நாங்கள் கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஒரு பெண் நாளொன்றுக்கு 18 கிலோ பச்சைக் கொழுந்து பறிக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். ஏறத்தாழ நாலரைக் கிலோ கொழுந்திலிருந்து ஒரு கிலோ தேயிலைத்தூள் கிடைக்கும். ஆக அவள் பறித்தது ஆலையில் நாலு கிலோ தூளாகிறது. கோப்பைக்கு இரண்டு கிராம் என்றால் 2000 கோப்பைத் தேநீர். சீனியும் பாலும் சேராத ஒரு கோப்பைத் தேநீரில் உள்ள சக்தி ஒன்று அல்லது இரண்டு கிலோ கலோரி. வளர்ந்த ஒருவருக்கு நாள்தோறும் வேண்டியதோ ஏறத்தாழ 2000 கிலோ கலோரி. தேநீர் களைப்பைப் போக்கும், மனத்தைத் தெளிவிக்கும், பசியைத் தீர்க்காது.

அப்படியாயின், கூடை சுமந்து செங்குத்தான மலையில் ஏறி இறங்கும் அவளுடைய சக்தி எங்கிருந்து வந்தது? அம்மலையிலிருந்து வரவில்லை. காலையில் உண்ட கோதுமை மா ரொட்டி கடல் கடந்த நாட்டு வயலின் வெயில். மதியத்துச் சோறு பொலனறுவையிலோ அம்பாறையிலோ விளைந்த நெல்லின் வெயில். கொழுந்தை உலர்த்தும் ஆலைக்கும் ஒரு கிலோ தூளுக்கு ஒரு கிலோவுக்கு மேற்பட்ட விறகு வேண்டும். அது மரங்கள் பல ஆண்டுகள் சேமித்த வெயில். இவ்வாறு பல நாட்டு வெயிலை உள்ளே வாங்கி, பசி தீர்க்காத ஓர் இலையை வெளியே அனுப்பும் அதிசயமான சூழற்றொகுதி தேயிலைத் தோட்டம். இலங்கைத் தேயிலையில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் பிற நாடுகளுக்குச் செல்கிறது. இலைக்கு மாற்றாக வரும் பணம் உணவாக மாறி லயத்துக்குத் திரும்பினால்தான் சங்கிலி அறாமல் இருக்கும்.

திரும்புகிறதா? 2016ஆம் ஆண்டு நாடு முழுவதும் நடைபெற்ற குடித்தொகைச் சுகாதார ஆய்வு ஒரு விடை தருகிறது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் வயதுக்கேற்ற உயரம் வளராதோர் நாட்டில் நூற்றுக்கு 17 பேர்; பெருந்தோட்டப் பகுதியில் நூற்றுக்கு 32 பேர். உயரம் குறைவது குலவாகு என்று சொல்லித் தட்டிக் கழிப்பது எளிது. உண்மையில் அது நெடுநாட் பசியும் அடிக்கடி வரும் நோயும் உடலில் எழுதிய கணக்கு. தாய் கருவுற்ற காலத்தில் போதிய உணவு பெறாவிட்டால் அக்கணக்கு கருவிலேயே தொடங்கிவிடும். கூலி கைக்கு வருமுன் கழிவு, வந்தபின் கடைக்கடன், சிற்சில வீடுகளில் மதுக்கடைக்கு ஒரு பங்கு, வீட்டுக்குள்ளும் ஆண் உண்டபின் பெண் உண்ணும் வழக்கம். ஒவ்வொரு படியிலும் கழிந்து கழிந்து, கடைசியில் நிற்கும் குழந்தைக்கு எஞ்சுவது எவ்வளவு?

மாணவிக்கு நான் கூறிய விடை இதுதான். “உன் தாய் சங்கிலியின் ஒரு கண்ணி மட்டும் அல்லர். எங்கோ விளைந்த வெயிலைத் தம் கைகளால் இன்னொரு நாட்டுக் கோப்பைக்கு மாற்றி விடுபவர். அவருக்குச் சேர வேண்டிய பங்கு அவரிடம் சேர்கிறதா என்று கேட்பதும் விஞ்ஞானந்தான்.”

குளவிக்கும் சிறுத்தைக்கும் பத்தில் ஒன்றே கிடைக்கும் என்பது இயற்கை வகுத்த விதி. அதனை மாற்ற எவராலும் இயலாது. சுருக்கையும் நஞ்சையும் விலக்கி அவற்றை வாழவிடுவது மட்டுமே நம்மால் ஆகும். மனிதர் வகுத்த வரிசைக்கு அவ்விதி இல்லை. கடைசியில் நிற்பவருக்கு முதலில் கொடுக்கும் ஆற்றல் உயிர்களுள் மனிதனுக்கே மிகுதியாய் உண்டு. தோட்டத்தை நடத்துவோர், நாட்டை ஆள்வோர், சங்கங்களை வழிநடத்துவோர் ஆகியோரின் கடமை அதில் பெரிது. எனினும் அவர்கள் செய்யும்வரை வீட்டில் உள்ளோர் காத்திருக்க வேண்டியதில்லை. கருவுற்ற பெண்ணுக்கும் சிறு குழந்தைக்கும் முட்டையோ பருப்போ கீரையோ முதலில் வைத்துவிட்டுப் பின் மற்றவர் உண்ணும் வழக்கத்தை இன்றிரவே தொடங்கலாம்.

தைப்பொங்கல் அன்று லயத்து வாசலில் கோலமிட்டுப் பானை வைத்து, பொங்கி வந்ததும் முதற்படையலைக் கதிரவனுக்கே இடுகிறோம். வெயிலைத் தந்தவனுக்கு நன்றி கூறும் பண்பு நம்மிடம் இருக்கிறது. அவன் தந்ததை நாள்தோறும் எவர்க்கு முதலில் இடுகிறோம் என்பதும் அந்த நன்றியைச் சேர்ந்ததே.